நெடுக்கும் கிடையும்

பரதராமி சோதனைச்சாவடி தாண்டி
சித்தூர் சாலையில் நாலாவது மாங்கூழ் ஆலை.
ஆனி மாதம். பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
பெட்ரோல் பங்க் வரை நிற்கின்றன.
புளித்த வாசனை
லேப்டாப் விசைகளுக்குள்ளும் புகுந்துவிட்டது.

பெல்ட்டின் மேல் ஒரு கேமரா,
ஒரு சாண் தள்ளி ஒரு காற்றுக்குழல்.
அழுகலைக் கண்டால் ஊதித் தள்ள வேண்டும்.
தள்ளுகிறது,
அழுகலுக்குப் பின்னால் வரும் நல்ல காயை.

"முன்னால போறவன் திருடன்,
பின்னால வர்றவனுக்கு அடி"
என்றாள் ரெட்டெம்மா,
கையுறையோடு முகத்தைத் தோளில் துடைத்தபடி.
"உங்க மிஷினு போலீஸ் வேலைக்குப் போகலாம்."

குலாம் தஸ்தகீர் குழலைக் கழற்றி மாட்டினார்.
வால்வைத் தட்டினார். கம்ப்ரஸரை அதட்டினார்.
"என் பக்கம் சுத்தம்" என்று
ஸ்பேனரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.
மிச்சமிருப்பது என் பக்கம்.

அளந்தேன்.
கேமராவிலிருந்து குழலுக்குக் காய் போய்ச் சேர
இருநூறு மில்லிநொடி.
என் நிரல் பார்த்து முடிக்க முந்நூற்றுப் பத்து.
இடையில் இருக்கும் நூற்றுப் பத்து
சரியாக ஒரு மாங்காய் நீளம்.

படத்துக்கு அகலம் உண்டு, உயரம் உண்டு.
நினைவகத்துக்கு நீளம் மட்டும்தான்.
ஒற்றைச் சாலை அது.
முதல் கிடைவரிசை முடிந்த இடத்தில் இரண்டாவது,
அது முடிந்த இடத்தில் மூன்றாவது,
வெளியே நிற்கும் வண்டிகள் போல.
நானோ
ஒரு வண்டியில் ஏறி முதல் காயைத் தொட்டு
இறங்கி அடுத்த வண்டிக்கு ஓடி
அதிலும் முதல் காய்,
பெட்ரோல் பங்க் வரை போய்
மூச்சிரைக்கத் திரும்பி வந்து
முதல் வண்டியின் இரண்டாவது காய்.

அங்கே சில்லறை வியாபாரம் கிடையாது.
ஒரு பைட் கேட்டால் அறுபத்துநான்கு வந்து இறங்கும்.
ஒன்றை எடுத்துக்கொண்டேன்.
மற்றவை இடம் போதாமல் வெளியேறின.
பிறகு அவற்றையே கேட்டேன்.
மறுபடி வந்தன, மறுபடி போயின,
ஒரு காய்க்கு லட்சக்கணக்கான தடவை.

எந்தப் புத்திசாலி எழுதியது என்று
பழைய பதிவுகளைப் புரட்டினேன்.
நான்தான்.
போன சித்திரையில், குடியாத்தத்து மாடி அறையில்,
பெல்ட் இடமிருந்து வலம் ஓடுவதால்
கண்ணும் அந்தத் திசையில் நகரட்டும் என்று
நெடுக்கு நெடுக்காக.

இரண்டு வரிகளை இடம் மாற்றினேன்.
வெளிச்சுற்று உள்ளே, உள்சுற்று வெளியே.
ஒரு எழுத்தும் கூடவில்லை, குறையவில்லை.
தொண்ணூறு.

அதோடு விட்டிருக்கலாம்.
சிவப்பு பச்சை நீலம் சிவப்பு பச்சை நீலம் என்று
கதம்பமாகக் கட்டி வந்ததை
உதிரியாகத் தரும்படி கேமராவிடம் சொன்னேன்.
சிவப்பெல்லாம் ஓரிடம், பச்சையெல்லாம் ஓரிடம்.
அழுகலுக்குச் சிவப்பு போதும்,
மற்ற இரண்டையும் தொடவே வேண்டாம்.
அறுபது.

இப்போது விடை
காய்க்கு முன்பே குழலிடம் வந்து நிற்கிறது.
காத்திரு, காய் வரட்டும் என்று
இன்னொரு வரி எழுதினேன்.
என் நிரல் வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா நின்றது.

பெல்ட் ஓடியது.
டப்.
பார்த்த காய்தான் பறந்தது, அடுத்தது அல்ல.
தஸ்தகீர் டீ கிளாஸோடு கை தட்ட முயன்றார்.

"ஆகம்மா" என்றாள் ரெட்டெம்மா.
விழுந்த காயை எடுத்து, தோளைச் சுரண்டி,
கத்தியால் இரண்டாகப் பிளந்தாள்.
உள்ளே மஞ்சள், ஒரு புள்ளி இல்லை.
"காம்புப் பால் வடிஞ்ச கறை இது.
அழுகல் இல்ல.
முன்னாடி குறி தப்புச்சு.
இப்போ குறி வெச்சுத் தப்பு பண்ணுது."

பாதியை என் கையில் கொடுத்துவிட்டு
பெல்ட்டுக்குப் போய்விட்டாள்.

தின்றேன்.
பால்கறைக்கும் அழுகலுக்கும் வித்தியாசம்
ஒருவேளை நான் தொடாமல் விட்ட பச்சையில் இருக்கலாம்.
நூற்று நாற்பது மில்லிநொடி கையில் இருக்கிறது.
விசைப்பலகையில் ஒட்டும் விரலால்
வண்டிக்குள் மறுபடி ஏறினேன்,
இந்தத் தடவை கிடையாக.